லத்தீனுக்குள் கிரேக்கம்: கடன்சொல்லும் அடிமைப்பெயரும்

என் பட்டச் சான்றிதழில் ‘மெக்கானிக்கல்’ என்று போட்டிருக்கிறது. வேலைக்குப் போனால் கைக்கு வருவது ‘மெஷின்’. இரண்டும் ஒரே கிரேக்கச் சொல்தான். வந்த வழிதான் வேறு. தெற்கு இத்தாலியில் குடியேறியிருந்த தோரியக் கிரேக்கர்கள் கருவியை ‘மாகனா’ என்றார்கள். பக்கத்து ஊர் ரோமானியர்கள் அதைக் காதால் வாங்கினார்கள். பழைய லத்தீனில் ஒரு காலம்வரை, சொல்லின் நடுவில் வரும் குறில் ‘அ’ மெலிந்து ‘இ’ ஆகிவிடும். மாகனா ‘மாகினா’ ஆனது. அதிலிருந்து மெஷின். பல நூற்றாண்டு கழித்து, கிரேக்கம் படித்த ரோமானியர்கள் ஏதென்ஸ்காரர்களின் உச்சரிப்பிலிருந்து அதே சொல்லின் இன்னொரு வடிவத்தை ஏட்டிலிருந்து எடுத்தார்கள். ‘மேகனிகுஸ்’. நடு ‘அ’ அப்படியே இருக்கிறது, மெலியவில்லை. அதிலிருந்து மெக்கானிக்கல்.

இன்னொன்று. எஞ்சினின் வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவிக்கு ‘கவர்னர்’ என்று பெயர். ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சினில் இரண்டு உருண்டைகள் சுற்றுமே, அது. இந்தக் கவர்னர் லத்தீனின் ‘குபெர்னாரே’யிலிருந்து வந்தவர். அதாவது சுக்கான் பிடிப்பது. அது கிரேக்கத்தின் ‘கியுபெர்னான்’ என்பதைக் கடற்கரையில் கேட்டு வாங்கிய வடிவம், ‘க’ அழுத்தம் குறைந்து ஒலிப்புடைய ‘க’ ஆகிவிட்டது. 1948இல் நார்பர்ட் வீனர் கட்டுப்பாட்டு அறிவியலுக்குப் பெயர் தேடியபோது நேராகக் கிரேக்கத்துக்கே போய் ‘சைபர்நெட்டிக்ஸ்’ என்று எடுத்தார், கவர்னரும் அதே சொல்தான் என்று தெரிந்தே. மாலுமி ஒருவர்தான். ஒருமுறை துறைமுகம் வழியாக வந்தார், ஒருமுறை நூலகம் வழியாக.

கடன்சொல் என்றால் நம் கூட்டங்களில் பேச்சு உடனே கணக்குவழக்கில் இறங்கிவிடும். யார் யாரிடம் வாங்கினார், எத்தனை வாங்கினார், வட்டி எவ்வளவு. எனக்கு இந்தக் கணக்கில் ஆர்வமே கிடையாது. ஒரு சொல் எந்த வாசல் வழியாக வந்தது, யார் வாயில் உட்கார்ந்தது, அங்கே உட்கார்ந்து என்ன செய்தது என்பதுதான் இலக்கியம் படிக்கிறவனுக்கு வேண்டிய கேள்வி. அதற்கு லத்தீனைவிட நல்ல களம் இல்லை. ஏனென்றால் இங்கே கடன் வாங்கியவன் கடன் கொடுத்தவனைப் போரில் தோற்கடித்துவிட்டான். தோற்றவனின் மொழிதான் ஜெயித்தவனின் பள்ளிக்கூடம், சமையலறை, மேடை, மருத்துவம் எல்லாவற்றிலும் கிடக்கிறது. இந்தச் சங்கடம் லத்தீன் எழுத்தாளர்கள் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு மாதிரி ஆட்டி வைத்தது.

முதலில் கேட்டோவைப் பார்ப்போம், கி.மு. 234 முதல் 149 வரை வாழ்ந்தவர். கிரேக்கர்கள் என்றாலே ஆகாது. கிரேக்க மருத்துவர்கள் பக்கமே போகாதே என்று மகனுக்கு எழுதி வைத்தவர். இவர் எழுதிய விவசாய நூல்தான் முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய லத்தீன் உரைநடை. அதைத் திறந்தால் எண்ணெய்க்கு ‘ஒலெயும்’, கிரேக்கம். ஆலிவ் ஆட்டும் செக்குக்கு ‘த்ரபேத்துஸ்’, கிரேக்கம். எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் கறுப்புக் கசடுக்கு ‘அமுர்கா’, அதுவும் கிரேக்கம். மனிதர் இந்தக் கசடை விடாமல் பயன்படுத்துகிறார். களத்துமேட்டுத் தரைக்குப் பூசு, வண்டி அச்சுக்குப் போடு, துணிப்பெட்டியில் பூச்சி வராமல் தடவு என்று பக்கம் பக்கமாக வருகிறது. நடுவில் ‘பிளகெந்தா’ என்ற பாலாடைக்கட்டிப் பலகாரத்துக்குச் செய்முறை வேறு. பெயர் கிரேக்கம், சமையலும் கிரேக்கம். (பின்னால் உடற்கூறியலாளர்கள் நஞ்சுக்கொடிக்கு இந்தப் பலகாரத்தின் பெயரை வைத்தார்கள். தட்டையாக, வட்டமாக இருக்கிறதாம்.) இதை வைத்து கேட்டோவை இரட்டை வேடக்காரர் என்று சொல்வது சுலபம். அப்படி இல்லை. ‘ஒலெயும்’ அவர் காதில் கிரேக்கமாகவே விழுந்திருக்காது. அது அவர் பாட்டி பேசிய லத்தீன். அவர் வெறுத்தது நேற்று வந்த கிரேக்கத்தை. முந்தாநாள் வந்தது அவருக்கு வீட்டுச் சாமான்.

எவ்வளவு முந்தி வந்தது என்பதற்கு அந்தச் சொல்லே சாட்சி. ஆலிவ் காய்க்கு லத்தீனில் ‘ஒலிவா’. ஏதென்ஸின் கிரேக்கத்தில் அந்த ‘வ’ கிடையாது, ‘எலாயா’தான். மிகப் பழைய கிரேக்கத்தில் ‘எலாய்வா’ என்று இருந்தது. அந்த ‘வ’ ஒலியைப் பெரும்பாலான கிரேக்க வட்டாரங்கள் பின்னர் தொலைத்துவிட்டன. ஹோமரின் காவியங்களில்கூட அதற்கு எழுத்து இல்லை. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் ‘லீனியர் பி’ களிமண் பலகைகளைப் படித்தபோதுதான், ‘வ’ உள்ள ஆலிவைக் கிரேக்கர்களே எழுதி வைத்திருந்தது கண்ணுக்குத் தெரிந்தது. அதுவரை அதைச் சத்தமில்லாமல் பாதுகாத்து வைத்திருந்தது லத்தீன் சமையலறை. ஹோமரின் அகாயர்களை லத்தீன் கவிஞர்கள் ‘அகீவி’ என்பார்கள், அங்கேயும் அதே ‘வ’. நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அயோனியர்களுடைய பழைய பெயரில் இருந்த அதே ‘வ’தான் வடக்கு வழியாக வந்து நம் ‘யவனர்’ என்ற சொல்லில் இன்றும் ஒலிக்கிறது. கொடுத்தவன் தொலைத்ததை வாங்கியவன் வைத்திருக்கிறான். கடன் என்ற உவமை இந்த இடத்திலேயே பிய்ந்துவிடுகிறது. திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை.

பெயர்களும் இதே மாதிரிதான். ஒடிசியஸ் லத்தீனில் ‘உலிக்ஸெஸ்’. பார்த்தால் யாரோ காது மந்தமானவர் கேட்டு எழுதியதுபோல இருக்கும். ஆனால் பழைய கிரேக்கப் பானைகளிலேயே ‘ல’ போட்ட வடிவங்கள் கிடைத்திருக்கின்றன. ரோமானியர்கள் கேட்டது ஹோமரை அல்ல, இத்தாலிக் கரையில் கதை சொன்ன யாரோ ஒருவரை. அந்தக் கதைசொல்லியின் நாக்குதான் ஜேம்ஸ் ஜாய்ஸின் 1922ஆம் ஆண்டு நாவலின் அட்டை வரைக்கும் வந்து நிற்கிறது. பொலிதியூகெஸ் என்ற நீளப் பெயர் தேய்ந்து தேய்ந்து ‘பொல்லுக்ஸ்’ ஆனது. பெர்செஃபொனே ‘ப்ரொஸெர்பினா’ ஆனாள். ஹெராக்லெஸ் எத்ருஸ்கர்கள் வாயில் ‘ஹெர்க்லே’ ஆகி, ‘ஹெர்குலெஸ்’ ஆக ரோமுக்கு வந்தான். வந்தவன் கோவிலோடு நிற்கவில்லை. பிளாட்டஸின் நாடகங்களில் ஆண்கள் வாயைத் திறந்தால் ‘ஹெர்க்லே!’ என்பார்கள், நாம் ‘அட சாமி’ என்பதுபோல. பெண்கள் ஹெர்குலெஸ் பெயரில் ஆணையிட மாட்டார்கள், ஆண்கள் காஸ்தோர் பெயரில் ஆணையிட மாட்டார்கள் என்று பின்னாள் ஆசிரியர் கெல்லியஸ் குறித்திருக்கிறார். ஒரு வெளிநாட்டுப் பெயர் ஊர்க்காரர்களின் சலிப்பிலும் கோபத்திலும் தானாக வாயில் வருகிறது என்றால், அதற்கு மேல் குடியுரிமைச் சான்று தேவையில்லை.

கனிமெதெஸின் கதைதான் பாவம். ஜீயஸ் தூக்கிப்போன அந்த அழகான பையனின் பெயர் எத்ருஸ்கர் வழியாக வந்து ‘கதமீத்துஸ்’ ஆனது. பிளாட்டஸ் காலத்தில் அது சாதாரணப் பெயர். பின்னால் படித்தவர்கள் வந்து, சரியான கிரேக்க வடிவம் ‘கனிமெதெஸ்’ என்று திருத்தினார்கள். சரி, பழையது என்ன ஆனது? வசைச்சொல் ஆகிவிட்டது. சிசரோ ஆண்டனியைத் திட்டும்போது அதைத்தான் எடுத்து வீசுகிறார். திருத்தல் என்று ஒன்று வந்தால் திருத்தப்பட்டது காணாமல் போகாது, கீழே போகும். கவிதைக்கு ஒரு பெயர், சந்துமுனைக்கு ஒரு பெயர். இந்தப் பிளவு லத்தீனில் எனக்குப் பிடிக்காத விஷயங்களில் முதலாவது.

பிளவை எழுத்திலேயே பார்க்கலாம். கி.மு. முதல் நூற்றாண்டில் கிரேக்கச் சொற்களைச் சுத்தமாக எழுதுவதற்கென்றே ‘ஒய்’, ‘இஸட்’ என்ற இரண்டு எழுத்துகளை ரோமானியர்கள் கொண்டுவந்தார்கள். அதனால்தான் இரண்டும் அகரவரிசையின் கடைசியில் நிற்கின்றன. ‘இஸட்’ உண்மையில் பழைய ஆள். முதலில் ஏழாவது இடத்தில் இருந்தது, தேவையில்லை என்று நீக்கப்பட்டு, அந்த இடம் ‘ஜி’க்குப் போனது. திரும்பி வந்தபோது வரிசையின் வாலில்தான் இடம் கிடைத்தது. கூடவே ‘ப’, ‘த’, ‘க’ ஒலிகளோடு மூச்சைச் சேர்த்துச் சொல்லும் கிரேக்க வழக்கமும் வந்தது. தன் முன்னோர் காலத்தில் இதெல்லாம் இல்லை என்று சிசரோ கி.மு. 46இல் எழுதிய ‘ஒராத்தோர்’ நூலில் சொல்கிறார். என்னியஸ் ‘பிர்ரஸ்’ என்ற அரசன் பெயரை எப்போதும் ‘புர்ருஸ்’ என்றுதான் எழுதினாராம், அதுவும் ‘பம்பரம்’ என்பதில் நடுவில் வரும் மெல்லிய ‘ப’ போட்டு. (இதைத் தமிழில் எழுதுவதில் ஒரு சிக்கல். இரண்டு ‘ப’வுக்கும் நம்மிடம் ஒரே எழுத்து. சிசரோ தலையைப் பிய்த்துக்கொண்ட வித்தியாசத்தில் பாதி நம் எழுத்தில் தெரியவே தெரியாது.) தானும் முதலில் மூச்சொலி இல்லாமல்தான் பேசியதாகவும், பிறகு ஊர் பேசுகிற மாதிரி பேசிவிட்டு, சரியானது எது என்ற அறிவைத் தனக்குள் வைத்துக்கொண்டதாகவும் அவர் சொல்கிறார். ரொம்ப நேர்மையான வாக்குமூலம்.

இதே மூச்சொலியை வைத்துத்தான் கட்டுல்லஸ் ஒருவனைக் கிண்டலடிக்கிறார். அர்ரியஸ் என்பவன் நாகரிகம் என்று நினைத்துக்கொண்டு வேண்டாத இடத்திலெல்லாம் ‘ஹ’ சேர்த்துப் பேசுகிறான். அவனை சிரியாவுக்கு அனுப்பியதும் எல்லாருடைய காதும் ஓய்வெடுத்தது, பிறகு பார்த்தால் அயோனியக் கடலுக்கே ஒரு ‘ஹ’ ஒட்டிவிட்டதாகச் செய்தி வருகிறது. குட்டிக் கவிதை, நல்ல சிரிப்பு. ஆனால் நடுவில் கட்டுல்லஸ் ஒரு காரியம் செய்கிறார். அவனுடைய அம்மா, தாய்மாமன், அம்மாவழித் தாத்தா பாட்டி எல்லாரும் இப்படித்தான் பேசியிருப்பார்கள் என்கிறார். மாமனைப் பற்றிச் சொல்லும்போது ‘சுதந்திரமான’ என்று ஓர் அடைமொழி போடுகிறார். யாரையாவது நாம் ‘அவர் சிறைக்குப் போகாதவர்’ என்று சொல்வோமா? சொன்னால் என்ன அர்த்தம்? அடிமைக்குடும்பம் என்ற குத்தல் அதில் இருப்பதாகப் படிக்கிறவர்கள் உண்டு, எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. உச்சரிப்பைப் பற்றிய நகைச்சுவை என்று நாம் சிரித்துக்கொண்டிருக்கும்போது கவிஞர் பிறப்பைத் தொட்டுவிட்டார்.

ஆட்சியாளர்களும் இதில் தலையிட்டார்கள். திபேரியஸ் சக்கரவர்த்திக்கு கிரேக்கம் நன்றாகவே தெரியும். ஆனாலும் செனட்டில் ‘மொனொபொலியும்’ என்று சொல்லவேண்டி வந்தபோது, அந்நியச் சொல் பயன்படுத்துவதற்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டாராம். இன்னொரு முறை தீர்மானம் ஒன்றில் ‘எம்ப்ளேமா’ என்ற சொல் வந்தபோது, லத்தீன் சொல் தேடுங்கள், கிடைக்காவிட்டால் நாலைந்து சொல்லில் சுற்றி வளைத்தாவது சொல்லுங்கள் என்றாராம். சூட்டோனியஸ் சொல்லும் கதை. எதிர்முனையில் குவிண்டிலியன். ‘ஒய்’யும் ‘இஸட்’டும் உள்ள கிரேக்கச் சொல்லைச் சேர்த்தால் பேச்சே சிரித்து மலர்வதாக அவருக்குத் தோன்றுகிறது, லத்தீனின் சொந்த ஒலிகள் கரடுமுரடாம். என்னைக் கேட்டால், இந்த இரண்டு பேரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். ஒருவருக்குச் சொல் என்பது காவல்நிலையச் சமாச்சாரம், இன்னொருவருக்கு அது நகை. ஆனால் குவிண்டிலியன் முழு முட்டாள் இல்லை. கிரேக்கப் பெயர்களுக்கு கிரேக்க வேற்றுமை உருபா, லத்தீன் உருபா என்ற சண்டையில், காது பொறுக்கும்வரை லத்தீன் விதியே போதும் என்று சொன்னவரும் அவர்தான். சிசரோ தன் பங்குக்கு, ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸ் பெயரை ஒரு கடிதத்தில் கிரேக்க உருபோடு எழுதிவிட்டு, ஒரு ரோமானியனாக நான் அப்படி எழுதியிருக்கக் கூடாதுதான் என்று அத்திக்கஸுக்கு விளக்கம் சொல்கிறார். அது கி.மு. 50. குடியரசு உடைய இன்னும் சில வாரம்தான் இருக்கிறது. மனிதர் வேற்றுமை உருபைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறார்.

இனி லுக்ரீஷியஸ். இவ்வளவு நேரம் நான் சுற்றியதே இவரிடம் வருவதற்காகத்தான்.

எபிக்யூரஸின் அணுத் தத்துவத்தை ஆறு புத்தகம் கொண்ட லத்தீன் கவிதையாக எழுதியவர் இவர். தன் தாய்மொழி ஏழை மொழி, புதிய கருத்துகளுக்குச் சொல் போதவில்லை என்று மூன்று இடங்களில் புலம்புகிறார். சிசரோவுக்கு இந்தப் புலம்பல் ஆகாது. லத்தீன் ஏழையில்லை, கிரேக்கத்தைவிடவும் வளமானது என்று மார்தட்டுவார், பிறகு உட்கார்ந்து சொல் செய்வார். கி.மு. 45இல் எழுதிய ஓர் உரையாடலில், ‘எப்படிப்பட்டது’ என்ற கேள்வியிலிருந்து கிரேக்கர்கள் செய்த ‘பொயோதேஸ்’ என்ற சொல்லுக்கு அதே அச்சில் ‘குவாலிதாஸ்’ என்று வார்த்தார். ‘குவாலிட்டி’ என்று தினமும் சொல்கிறோமே, அது அந்த மேசையில் செய்தது. ‘மொராலிஸ்’ என்பதும் அவருடைய தயாரிப்பே. அருமையான வேலைப்பாடு, இல்லையென்று சொல்லவில்லை. அச்சு கிரேக்கம், உலோகம் லத்தீன்.

லுக்ரீஷியஸ் வேறு மாதிரி. அணுவைப் பற்றிய இவ்வளவு பெரிய கவிதையில் ‘அதொமுஸ்’ என்ற சொல் ஒரு தடவைகூட வராது. சிசரோவே அந்தக் கிரேக்கச் சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்தினார், ஆகவே அது தீண்டத்தகாத சொல் ஒன்றுமில்லை. அதற்குப் பதில் லுக்ரீஷியஸ் என்ன சொல்கிறார்? தொடக்கங்கள், விதைகள், முதல் உடல்கள், பிறப்பிக்கும் உடல்கள். எல்லாம் ரோமானிய விவசாயிக்குத் தெரிந்த லத்தீன். ஒரே கலைச்சொல்லை எழுதியிருந்தால் அறிவியல் துல்லியம் கூடியிருக்கும் என்று பொறியாளனாக நான் சொல்லவேண்டும். ஒரு பாகத்துக்கு ஒரு எண், அதுதானே எங்கள் பழக்கம். ஆனால் ‘அதொமுஸ்’ என்றால் ‘வெட்ட முடியாதது’, அவ்வளவுதான். அது எதைச் செய்யாது என்று மட்டும் சொல்கிறது. ‘விதை’ என்றால் அது எதைச் செய்யும் என்று தெரிகிறது. உலகம் வெற்றிடத்தில் கிடக்கும் செத்த துணுக்குகளின் குவியல் என்று வாசகன் பயந்துவிடக் கூடாது என்பது இந்தக் கவிதையின் உயிர்நாடி. சொல் பஞ்சம்தான் அவரை அங்கே கொண்டுபோய்த் தள்ளியது என்றால், நல்ல பஞ்சம்.

இன்னும் ஒரு படி மேலே போகிறார். எழுத்துகளை மாற்றி அடுக்கினால் வேறு சொல் வருவதுபோல, அணுக்களை மாற்றி அடுக்கினால் வேறு பொருள் வருகிறது என்பது அவருக்குப் பிடித்த உவமை. ஒரே லத்தீன் சொல் ‘எலெமெந்தா’ எழுத்துக்கும் வரும், அணுவுக்கும் வரும். விறகிலிருந்து நெருப்பு வருவதை எப்படி விளக்குவது? நெருப்பு லத்தீனில் ‘இக்னிஸ்’. விறகு ‘லிக்னும்’. எழுத்துகள் பெரும்பாலும் அவையே, கொஞ்சம் இடம் மாறியிருக்கின்றன. விறகுக்குள் நெருப்பு ஒளிந்திருக்கவில்லை, நெருப்பாகக்கூடிய அணுக்கள் இருக்கின்றன என்ற வாதத்தை இந்த ஒரு சொல்ஜோடி செய்துகாட்டிவிடுகிறது. கிரேக்கத்தில் நெருப்பு ‘பியுர்’, மரம் ‘க்ஸியுலொன்’. அங்கே இந்த வித்தை நடக்காது. ஏழை என்று அவர் ஏசிய மொழிதான் அவருக்கு இதைக் கொடுத்தது. புலம்பலை அப்படியே நம்பி, ‘லத்தீனின் வறுமை’ என்று கட்டுரை எழுதுகிறவர்கள் இந்த இடத்தை நின்று படிக்கவேண்டும்.

அப்போ கிரேக்கச் சொல்லே வேண்டாம் என்கிறாரா? இல்லை, எடுக்கிறார், எங்கே எடுக்கிறார் என்பதுதான் விஷயம். அனக்ஸகோராஸின் கொள்கையை மறுக்கும்போது ‘ஹொமொயொமெரியா’ என்ற வாய்க்குள் அடங்காத சொல்லை அப்படியே போடுகிறார். லத்தீனில் இதற்குச் சொல் இல்லை, ஆனால் விஷயத்தை விளக்குவது சுலபம் என்கிறார். அடுத்த பல வரிகளில் அந்தக் கொள்கையை உரித்துத் தொங்கவிடுகிறார். உயிர் என்பது உடலின் ‘ஹர்மொனியா’ என்று சொன்னவர்களை மறுக்கும்போது, அந்தப் பெயரை இசைக்காரர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்கிறார். நான்காம் புத்தகத்தில் இன்னும் அழகு. காதலில் விழுந்தவன் தன் காதலியின் குறைகளுக்கெல்லாம் பூசிமெழுகி ஒரு பெயர் வைப்பான் என்று ஒரு பட்டியல் வருகிறது. கறுப்பானவள் தேன்நிறத்தாள், அழுக்கானவள் அலங்காரம் வேண்டாதவள், திக்குவாய்க்காரி மழலை பேசுகிறவள். இந்தப் பூச்சுப் பெயர்கள் பெரும்பாலும் கிரேக்கம். குறையைச் சொல்ல லத்தீன், மறைக்கக் கிரேக்கம். அவருக்குக் கிரேக்கச் சொல் என்பது வெறுப்போ மரியாதையோ இல்லை. ஒரு சொல் வெளிச்சம் போடுகிறதா, திரை போடுகிறதா என்று பார்க்கிறார். எபிக்யூரஸை ஏறக்குறையக் கடவுளாகவே வணங்கியவர், அவருடைய மொழியிடம் மட்டும் மயங்கவில்லை.

சிசரோவுக்கு நான் அநியாயம் செய்கிறேன் என்று யாருக்காவது தோன்றினால், அவருடைய கடிதங்களைப் படிக்கச் சொல்வேன். நூல்களில் கிரேக்கச் சொல்லை இடையில் திணிப்பவர்களைப் பார்த்து ஊர் சிரிக்கும் என்று அறிவுரை சொன்னவர், நண்பர் அத்திக்கஸுக்கு எழுதும்போது வரிக்கு வரி கிரேக்கத்துக்குத் தாவுகிறார். கிசுகிசு, அரசியல் ரகசியம், நக்கல் எல்லாம் கிரேக்கம். அத்திக்கஸ் என்பதே பட்டப்பெயர், ஏதென்ஸில் இருபது வருடம் போல இருந்துவிட்டு வந்தவருக்கு ‘அத்திக்கா நாட்டுக்காரர்’ என்று. இரண்டு படித்த நண்பர்கள் கலந்து பேசும் பேச்சு, நம் வாட்ஸ்அப் குழுக்களில் தமிழும் ஆங்கிலமும் மலாயும் கலந்து ஓடுவதுபோலத்தான். ஆனால் கி.மு. 58இல் சிசரோ நாடுகடத்தப்படுகிறார். வீடு இடிக்கப்படுகிறது. குடும்பம் ரோமில். அந்த மாதங்களில் அத்திக்கஸுக்கு எழுதிய கடிதங்களில் கிரேக்கம் கிட்டத்தட்டக் காணாமல் போகிறது. இத்தனைக்கும் அப்போது அவர் இருப்பது கிரேக்கம் பேசும் நாட்டில்! சுற்றிலும் கிரேக்கம், பேனாவில் லத்தீன் மட்டும். கடன்சொல் விளையாட்டுக்கு மனதில் கொஞ்சம் உபரி வேண்டும். அவரிடம் அப்போது உபரி எதுவும் இல்லை.

விர்ஜிலின் ‘எக்லோக்’ கவிதைகளில் இது வேறு விதமாக வேலை செய்கிறது. முதல் கவிதையில் இரண்டு ஆயர்கள், தித்தைரஸ், மெலிபீயஸ். கிரேக்க ஆயர் பாடல்களிலிருந்து வந்த பெயர்கள். வெறும் அலங்காரம் என்று ஆரம்பிக்கிறோம். ஆனால் மெலிபீயஸ் நிலத்தை இழந்து வெளியேறிக்கொண்டிருக்கிறான், அந்நியச் சிப்பாய் ஒருவன் அதை எடுத்துக்கொள்ளப்போகிறான். கி.மு. 42 பிலிப்பைப் போருக்குப் பிறகு இத்தாலியில் சிப்பாய்களுக்குக் கொடுக்க நிலம் பிடுங்கப்பட்டதுதான் இது, கவிஞரின் சொந்த வட்டாரத்தையும் தொட்ட விவகாரம். ஊரின் பெயர் மட்டும் ரோம் என்றே வருகிறது. ஆள் பெயர் கிரேக்கம், பறித்த நகரத்தின் பெயர் லத்தீன். இளம் கவிஞர் ஒருவர் அதிகாரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வதற்கு மெலிபீயஸ் என்ற இரவல் பெயர் தேவைப்பட்டது. லுக்ரீஷியஸ் கிழித்த அதே திரையை விர்ஜில் காப்பாக மாற்றிக்கொள்கிறார். இங்கே நான் விர்ஜில் பக்கம்.

கடைசியாக, பெயர் இரவல் வாங்கப்படாமல் மேலே ஒட்டப்பட்டவர்கள். வாரோ என்ற பேரறிஞர் லத்தீன் மொழியைப் பற்றி 25 புத்தகம் எழுதினார், ஆறுதான் ஓரளவு மிஞ்சியிருக்கிறது. எட்டாம் புத்தகத்தில், பெயர்கள் எந்த விதியும் இல்லாமல் ஆளுக்கொரு மாதிரி பிறக்கின்றன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறார். மூன்று பேர் எஃபேசஸ் நகரில் ஆளுக்கு ஓர் அடிமை வாங்குகிறார்கள். ஒருவர், விற்றவன் பெயர் அர்தெமிதோருஸ் என்பதால் தன் அடிமைக்கு ‘அர்தெமாஸ்’ என்று பெயர் வைக்கிறார். இன்னொருவர், வாங்கிய பகுதி அயோனியா என்பதால் ‘இயோன்’. மூன்றாமவர் ஊரை வைத்து ‘எஃபேசியுஸ்’. இலக்கணம் இதோடு முடிகிறது, வாரோ அடுத்த விஷயத்துக்குப் போகிறார். மூன்று பேருக்கும் அதற்கு முன் என்ன பெயர் இருந்தது என்பது அவருடைய கேள்வி இல்லை. ‘இயோன்’ என்ற பெயர் யவனர் என்ற சொல்லின் உறவு, இலக்கியப் பெருமை உள்ள பெயர். இங்கே அது சரக்கு எங்கே வாங்கியது என்ற சீட்டு.

ரோமில் அடிமைகளுக்கு கிரேக்கப் பெயர் வைப்பது வழக்கம், அவர்கள் கிரேக்கர்களாக இல்லாவிட்டாலும். இது தெரிந்தபின் பிளாட்டஸைத் திரும்பப் படித்தால் சிரிப்பின் சுவை மாறுகிறது. அவருடைய வீறாப்புச் சிப்பாயின் பெயர் ‘பியுர்கொபொலினீகெஸ்’, கோபுரங்கள் பலவற்றை வென்றவன் என்பதுபோல. இன்னொரு நாடகத்தில் ‘தென்ஸவ்ரொக்ரிஸொனிகொக்ரிஸிதெஸ்’. புதையல், பொன், வெற்றி, மறுபடியும் பொன். அரங்கமே உருண்டு சிரித்திருக்கும். குடித்துக் கூத்தடிப்பதற்கு ‘கிரேக்கமாடுதல்’ என்று பொருள்படும் ஒரு வினைச்சொல்கூட அவரிடம் உண்டு. ஆனால் அந்த நாடகங்களில் எஜமானைவிடச் சாமர்த்தியமாகப் பேசுவது எப்போதும் கிரேக்கப் பெயர் கொண்ட அடிமைதான். கிரேக்கச் சொற்களும் பெரும்பாலும் அவர்கள் வாயில்தான் வருகின்றன. மேட்டுக்குடியினர் கிரேக்கத்தை நூலகத்தில் படிப்பதற்கு முன்பே, அது சமையல்கட்டிலும் கடைத்தெருவிலும் இப்படிப் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. முன்னூறு வருடம் கழித்து ஜுவெனலின் மூன்றாம் அங்கதத்தில் ஒருவன், ரோம் கிரேக்கர்களின் ஊராகிவிட்டது, சிரியாவின் ஒரொந்தெஸ் ஆறு திபேரில் வந்து கலக்கிறது என்று பொருமித் தீர்க்கிறான். அந்தப் பொருமலுக்கு நடுவில் அவன் எடுத்து வீசும் சொற்களில் சில சுத்தக் கிரேக்கம். ஜுவெனல் அவனோடு சேர்ந்து பொருமுகிறாரா, அவனைப் பார்த்துச் சிரிக்கிறாரா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். நான் இரண்டும் என்பேன்.

கி.மு. 240இல் ரோமில் முதன்முதலாக லத்தீன் நாடகம் மேடையேற்றியவர் லிவியஸ் ஆண்ட்ரோனிகஸ். தரெந்தும் ஊர்க் கிரேக்கர், அடிமையாக வந்து விடுதலை பெற்றவர் என்பது மரபு. விடுதலையான அடிமை எஜமானின் குடும்பப் பெயரை முன்னால் சேர்த்துக்கொள்வான், பழைய பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். லிவியஸ் எஜமானுடையது, ஆண்ட்ரோனிகஸ் அவருடையது. ஒடிசியை லத்தீனில் தந்தவரும் இவர்தான். அதன் தொடக்கத்தில் கிரேக்கக் கலைத்தெய்வமான மூஸாவை அழைக்கவேண்டிய இடத்தில், இத்தாலிய நீரூற்றுத் தெய்வமான கமேனாவை அழைத்தார். பின்னால் வந்த என்னியஸ் அதை மாற்றி மூஸாக்களையே நேராக அழைத்தார். ரோமின் ஆரம்பகால ஆசிரியர்களைப் பற்றி எழுதும்போது சூட்டோனியஸ் இவர்கள் இருவரையும் ‘பாதிக் கிரேக்கர்கள்’ என்கிறார். ரோம் நகரத்துக் கல்லறைக் கல்வெட்டுகளில் இந்தப் பெயர்முறையை வரிசையாகப் பார்க்கலாம். அப்பா பெயரின் கடைசிப் பகுதி கிரேக்கம், அம்மாவுடையதும் கிரேக்கம். அவர்கள் பிள்ளைகளுக்கு வைத்த பெயரில் கிரேக்கம் பெரும்பாலும் இருப்பதில்லை.